மகப்பேற்றுப் பராமரிப்பில் இன ஏற்றத்தாழ்வு: தீவகம் உணர்த்தும் உண்மைகள்

தாய்மார் மரணத்தைக் குறைப்பதில் இலங்கை ஈட்டிய வெற்றி வளர்முக நாடுகளுக்கு எடுத்துக்காட்டாகச் சர்வதேச அரங்குகளில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகின்றது. வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைக் கண்டு பேசி, பரிசோதித்து, ஆலோசனை கூறிய மருத்துவமாதர்களே அந்த வெற்றியின் அத்திவாரம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணைத் தீவின் சரவணைக் கிராமத்தில் நின்று இந்தப் பெருமையை நோக்கும்போது ஒரு கேள்வி எழுகின்றது. இச்சேவை நாட்டின் எல்லா இனத்துத் தாய்மாருக்கும் ஒரே அளவில் கிடைத்ததா? இன்று கிடைக்கின்றதா?

எந்தவொரு இனத்தின் மீதும் காழ்ப்புக் கொண்டு இக்கேள்வியை நாம் எழுப்பவில்லை. நாட்டின் சட்டத்தில் தமிழ்த் தாய்க்கு ஒரு பராமரிப்பு, முஸ்லிம் தாய்க்கு ஒரு பராமரிப்பு, சிங்களத் தாய்க்கு வேறொரு பராமரிப்பு என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் ஏற்றத்தாழ்வு சட்டப் புத்தகத்தின் வழியாக மட்டும் வருவதில்லை. நிரப்பப்படாத வெற்றிடமாகவும், புரியாத மொழியாகவும், எண்ணப்படாத புள்ளிவிபரமாகவும், உடைந்துபோன நம்பிக்கையாகவும் அது வந்து சேருகின்றது. இந்த நான்கு வழிகளையும் விளங்கிக்கொண்டால்தான் பரிகாரத்தைப் பற்றிப் பேச முடியும்.

முதலில் இச்சேவை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். கொழும்பில் 1879ஆம் ஆண்டு டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மகப்பேற்று மருத்துவம் உள்ளிட்ட நூல்களைத் தமிழில் வெளியிட்டார். 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. தாய்மொழியில் பிரசவ அறிவைப் பரப்பும் முயற்சியில் யாழ்ப்பாணம் ஒரு காலத்தில் பின்தங்கி நிற்கவில்லை என்பதற்கு இவை சான்று.

1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டமை பெரும் திருப்பமாக அமைந்தது. நோயாளி வைத்தியசாலையைத் தேடி வரும்வரை காத்திராமல், சுகாதார சேவை மக்களின் வாசலைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் மரணமடைந்தனர். 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் அக்கொடுமையை மேலும் பெருக்கியது. மலேரியா ஒழிப்பு, இலவச வைத்தியம், பெண்கல்வி, பயிற்சி பெற்ற மருத்துவமாதர் சேவை ஆகியன ஒன்றுசேர்ந்து 1950 அளவில் இத்தொகையை 600க்கும் கீழே கொண்டுவந்தன. 2010களில் அது ஒரு இலட்சத்துக்கு ஏறத்தாழ 30 முதல் 40 வரை என்ற அளவுக்குக் குறைந்தது. இலங்கையினதும் மலேசியாவினதும் அனுபவத்தை ஆராய்ந்து உலக வங்கி 2003இல் வெளியிட்ட நூலொன்று, இந்த வெற்றியில் மருத்துவமாதர்களுக்கு உள்ள பங்கைச் சிறப்பாக எடுத்துக்காட்டியது.

இன்று நாம் குடும்பநல உத்தியோகத்தர் என்றும் மருத்துவமாது என்றும் அழைப்பவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ்க் கடமையாற்றுபவர். சுமார் 3,000 பேர் கொண்ட பகுதிக்கு ஒருவர் என்பது பொதுவான அளவுகோல். அவர் தமது பகுதியிலுள்ள குடும்பங்களைப் பதிவுசெய்கின்றார். கர்ப்பிணியை ஆரம்ப வாரங்களிலேயே இனங்காண்கின்றார். கர்ப்பவதிகள் கிளினிக்குக்கு வரச் செய்கின்றார். இரத்த அழுத்தம், நிறை, சிறுநீர் ஆகியன பரிசோதிக்கப்படுவதை உறுதிசெய்கின்றார். இரும்புச்சத்து மாத்திரையும் திரிபோஷாவும் உரிய தாயைச் சென்றடைகின்றனவா என்று பார்க்கின்றார். பிரசவத்தின் பின் முதல் நாட்களிலேயே வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்வையிடுவதும் அவரது கடமை.

முற்காலத்தில் வீட்டுப் பிரசவத்தை அவரே பார்த்தார். இன்று நாட்டின் பிரசவங்களில் மிகப் பெரும்பாலானவை வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. அங்கும் சாதாரண பிரசவங்களைப் பார்ப்பவர்களில் மருத்துவமாதர்கள் முக்கியமானவர்கள். ஆயினும் இச்சேவையின் உண்மையான பலம் பழக்கத்தில் தங்கியுள்ளது. கால் வீங்கியிருக்கின்றது, தலை இடிக்கின்றது, பிள்ளையின் துடிப்புக் குறைந்திருக்கின்றது என்று ஒரு பெண் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய, அவளது மொழியைப் பேசுகின்ற, அவள் வீட்டின் நிலையை அறிந்த ஒருத்தி அருகில் இருத்தல் வேண்டும். அந்த ஒருத்தி இல்லாத இடத்தில் கிளினிக் கட்டிடம் மட்டும் இருந்து பயனில்லை.

இனித் தீவகத்துக்கு வருவோம். 1990 ஓகஸ்ட் தொடக்கம் தீவகம் படிப்படியாக இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது ஊர்காவற்றுறை, சரவணை, வேலணை, புங்குடுதீவு ஆகிய ஊர்களின் மக்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். ஒரு பகுதியினர் குடாநாட்டிலும் வன்னியிலும் தங்கினர். மற்றொரு பகுதியினர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று சேர்ந்தனர். கூரையிழந்த வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் சரவணையில் இன்றும் அந்தக் கதையைச் சொல்கின்றன. யுத்த காலத்தில் குடாநாட்டுக்கான மருந்துப் பொருட்கள் கட்டுப்படுத்தப்பட்டன. ஊரடங்கு வேளையில் பிரசவ வேதனை கண்ட பெண்ணை எப்படிக் கொண்டுசெல்வது என்பது குடும்பங்களை உறக்கமிழக்கச் செய்த கேள்வியாக இருந்தது. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் ஓய்வுபெற்றபோதும் நாட்டைவிட்டு வெளியேறியபோதும் அவர்களது இடங்களுக்குப் புதியவர்களைப் பயிற்றுவிக்கும் வாய்ப்புக் குறைந்தது. 2009இல் யுத்தம் முடிந்தபோது வட மாகாணம் பெற்றுக்கொண்டது இந்த வெற்றிடத்தையே.

இதில் தலையொன்றுக்குக் கணக்கிடும் முறை தீவகத்துக்கு இரண்டாவது அநீதியை இழைக்கின்றது. மக்கள்தொகையை வைத்து ஆளணியைத் தீர்மானித்தால், மக்கள் வெளியேறிய ஊருக்கு உத்தியோகத்தரும் குறைவாகவே கிடைப்பார். 3,000 பேர் ஒரே தெருவில் நெருங்கி வாழும் நகரையும், அதே 3,000 பேர் தீவுகளில் சிதறி வாழும் பிரதேசத்தையும் ஒரே கோலால் அளப்பது எங்ஙனம் பொருந்தும்? சரவணையிலிருந்து பண்ணைப் பாலம் வழியாகத் தரைமார்க்கமாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடையலாம். நயினாதீவுத் தாயோ நெடுந்தீவுத் தாயோ முதலில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் வரவேண்டும். நெடுந்தீவிலிருந்து அந்தக் கடற்பயணம் மட்டும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளிக்கும் காலத்தில் படகு ஓடாது. 2018இல் வடக்குக்கு விரிவாக்கப்பட்ட 1990 அம்புலன்ஸ் சேவை பெரும் வரப்பிரசாதமே. ஆனால் அந்த வாகனம் கடலைக் கடந்துவராது. நள்ளிரவில் கடற்படைப் படகின் உதவியை நாடவேண்டிய நிலை இத்தீவுகளில் புதியதன்று. 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு, இந்த ஏற்பாடுகள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பதை எல்லோருக்கும் உணர்த்தியது.

ஆகவே பிரசவத் திகதிக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் வந்து தங்குவது தீவுப் பெண்களின் வழக்கமாகிவிட்டது. உறவினர் இல்லாதவள் எங்கே தங்குவாள்? கடற்றொழிலில் அன்றாடம் உழைக்கும் கணவனின் வருமானம் என்னவாகும்? வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது? இவையெல்லாம் வைத்தியப் பதிவேட்டில் இடம்பெறாத செலவுகள்.

மொழியால் விளையும் ஏற்றத்தாழ்வைக் காண மலையகத்தை நோக்கவேண்டும். வடக்கில் சேவையில் உள்ளோர் பெரும்பாலும் தமிழர் என்பதால் அங்கு முதன்மையான பிரச்சினை வெற்றிடமும் தூரமுமே. பெருந்தோட்டப் பகுதிகளில் நிலைமை வேறு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் சுகாதாரம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. தேசிய சுகாதாரக் கட்டமைப்புக்குள் அவர்கள் உள்வாங்கப்பட்டமை மெதுவாகவே நடந்தது. அங்கு தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர்கள் போதாமை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவரும் குறையாகும். இச்சேவையில் சேரத் தேவையான கல்வித் தகைமையைத் தோட்டப் பாடசாலைகளிலிருந்து பெறுவோர் குறைவாக இருந்தமை ஒரு காரணம். தமிழ் 1987இல் அரசகரும மொழியாக்கப்பட்டது. ஆயினும் தன் உடல்நோவைத் தன் மொழியில் சொல்ல முடியாத தாய்க்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடளாவிய ரீதியில் சுமார் 17 வீதம். பெருந்தோட்டத் துறையில் சுமார் 32 வீதம். வறுமையும் வசிப்பிடமும் இதற்குப் பெருங்காரணங்கள் எனினும், தாயின் வயிற்றில் தொடங்கும் குறை எங்கே கவனிக்கப்படாமல் போனது என்றும் கேட்டாக வேண்டும்.

மூன்றாவது வழி, எண்ணப்படாமல் விடுவது. இதனை நாம் அதிகம் பேசுவதில்லை. இலங்கையின் தாய் சேய் நலத்தைப் பற்றிய தேசிய மதிப்பீடுகள் 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளில் வடக்கையும் கிழக்கையும் உள்ளடக்கவில்லை. 2006-07இல் வட மாகாணம் விடுபட்டது. 1981க்குப் பின் நாடு முழுவதையும் தழுவிய குடிசன மதிப்பீடு 2012இலேயே சாத்தியமாயிற்று. உலகம் வியந்து பாராட்டிய தேசியச் சராசரிகளில் எமது தாய்மாரின் துன்பம் ஒரு தலைமுறைக் காலம் முழுமையாகச் சேர்க்கப்படவே இல்லை என்பதே இதன் பொருள். எண்ணப்படாத குறைக்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களையும் இவ்விடத்தில் நினைவுகூர்வது எமது கடமை. யாழ்ப்பாண நகரின் முஸ்லிம்கள் ஒக்டோபர் 30ஆம் திகதி சில மணித்தியாலங்களுக்குள் வெளியேறுமாறு ஆயுதமுனையில் பணிக்கப்பட்டனர். அவர்களிடையே கர்ப்பிணிகளும் பச்சிளங் குழந்தைகளுடன் இருந்த தாய்மாரும் இருந்தனர். புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய அவர்களது அகதி வாழ்வு இருபதாண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. ஒரு பகுதியின் நிரந்தர வசிப்பாளரைப் பதிவேட்டில் எழுதி, அவர்களைத் தேடிச் செல்வதே மருத்துவமாதின் முறை. பிறந்த ஊரின் பதிவிலும் இல்லாமல், தஞ்சமடைந்த ஊரின் பதிவிலும் முழுமையாக இடம்பெறாமல் தவித்த மக்களுக்கு அந்த முறையின் பயன் எவ்வாறு சரியாகக் கிட்டும்? இந்த அநீதி தமிழரின் பெயரால் இழைக்கப்பட்டது என்பதையும், மீளக் குடியமர வருவோருக்குக் கிளினிக்கும் மருத்துவமாதும் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பதையும் நாம் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

நான்காவது, நம்பிக்கை. 2013இல் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில் பகுதிக் கிராமங்களில், தாய்மாரின் உரிய சம்மதம் பெறப்படாமல் நீண்டகாலக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களின் பின், குருநாகல் வைத்தியசாலையில் கடமையாற்றிய முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற செய்தி பரப்பப்பட்டது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது; அவர் பின்னர் மீண்டும் சேவையில் சேர்க்கப்பட்டார். முதலாவது, விசாரித்து விடைகாண வேண்டிய முறைப்பாடு. இரண்டாவது, ஆதாரமற்ற வதந்தி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பலாகாது. ஆனால் இரண்டிலிருந்தும் ஒரு பாடம் கிடைக்கின்றது. மகப்பேற்று அறைக்குள் இனச் சந்தேகம் நுழைந்துவிட்டால், சிங்களத் தாய் முஸ்லிம் வைத்தியரை அஞ்சுவாள். தமிழ்த் தாய் அரசாங்க கிளினிக்கை அஞ்சுவாள். பர்தா அணிந்த தாய் வரிசையில் நிற்கவே தயங்குவாள். தாமதமாக வந்த தாயைக் காப்பாற்றுவது எந்த நிபுணருக்கும் கடினம்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோயன்று. பிரித்தானியாவில் தாய்மார் மரணங்களை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த தேசிய அறிக்கை, வெள்ளையினப் பெண்களோடு ஒப்பிடுகையில் கறுப்பினப் பெண்கள் ஐந்து மடங்கும் ஆசியப் பெண்கள் ஏறத்தாழ இரு மடங்கும் அதிகமாக மரணமடைவதைக் காட்டியது. பிந்திய ஆண்டுகளில் இடைவெளி குறைந்தாலும் மறைந்துவிடவில்லை. இலண்டனில் வாழும் எமது பெண்களும் அந்த ஆசியப் பெண்களுள் அடங்குவர். அமெரிக்காவில் 2021இல் ஒரு இலட்சம் பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மாரின் மரணம் ஏறத்தாழ 70. வெள்ளையினத் தாய்மாரிடையே ஏறத்தாழ 27. அந்நாட்டின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குப் பிரசவம் பார்த்துவந்த மருத்துவிச்சிகள் 20ஆம் நூற்றாண்டில் படிப்படியாகத் தொழிலிலிருந்து அகற்றப்பட்டனர். அவர்களது இடத்தை அதே நெருக்கத்தோடு நிரப்ப எவரும் வரவில்லை.

தீவகத்துக்கு மிகப் பொருத்தமான பாடம் கனடாவின் வடகோடியிலிருந்து கிடைக்கின்றது. கியூபெக் மாநிலத்தின் பனிப்பிரதேசத்தில் வாழும் இனுயிட் பழங்குடிப் பெண்கள், பிரசவத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே விமானத்தில் ஏற்றப்பட்டுத் தெற்கிலுள்ள நகர வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். மொழி தெரியாத ஊரில், உறவுகளைப் பிரிந்து அவர்கள் பிள்ளை பெற்றனர். இதனை அச்சமூகம் எதிர்த்ததன் பயனாக 1986இல் புவிர்னிடுக் என்னும் ஊரில் மகப்பேற்று நிலையம் திறக்கப்பட்டது. உள்ளூர்ப் பெண்களையே அங்கு மருத்துவமாதர்களாகப் பயிற்றுவித்தனர். ஆபத்தான நிலைமைகளை முன்கூட்டியே இனங்கண்டு நகருக்கு அனுப்பி, ஏனைய பிரசவங்களை ஊரிலேயே பார்க்கும் ஒழுங்கு அங்கு நிலைபெற்றது.

இவ்வனுபவங்களிலிருந்து நாம் கேட்க வேண்டியவை தெளிவாகின்றன. முதலாவதாக, தீவுகளுக்கும் தோட்டங்களுக்கும் ஆளணியைத் தீர்மானிக்கும்போது மக்கள்தொகையுடன் தூரத்தையும் கடலையும் கணக்கிலெடுக்க வேண்டும். இரண்டாவதாக, அந்தந்தத் தீவின், அந்தந்தத் தோட்டத்தின் பெண்பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, தகைமையில் குறை இருப்பின் முன்பயிற்சியளித்து, பயிற்சியின் பின் சொந்த ஊரிலேயே நியமிக்க வேண்டும். அவர்களுக்கு விடுதியும் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவும் போக்குவரத்தும் உறுதிசெய்யப்படாவிட்டால் நியமனக் கடிதம் கடதாசியோடு நின்றுவிடும். மூன்றாவதாக, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுப் பெண்கள் இறுதி வாரங்களில் தங்குவதற்கு யாழ்ப்பாணத்தில் செலவற்ற தங்குமனை ஒன்று தேவை. கியூபா 1962 முதல் இத்தகைய மனைகளை நடத்திவருகின்றது. தமிழ்நாட்டிலும் மலைவாழ் பெண்களுக்காக ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் அமைக்கப்பட்டுள்ளன. நான்காவதாக, தாய் சேய் நலப் புள்ளிவிபரங்கள் பிரதேசவாரியாகவும் சமூகவாரியாகவும் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். ஐந்தாவதாக, கருத்தடை, சத்திரசிகிச்சை ஆகியவற்றுக்கான சம்மதப் பத்திரம் தாயின் மொழியில் வாசித்து விளக்கப்பட்ட பின்னரே கையொப்பம் பெறப்பட வேண்டும்.

அரசாங்கத்தை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட முடியாது. பிரசவம் பார்ப்பதைத் தீட்டுக்குரிய வேலையாகக் கருதி, குறிப்பிட்ட சாதிப் பெண்களின் தலையில் சுமத்தி, அவர்களது கைபிடித்துப் பிறந்த பின் அவர்களையே வாசலில் நிறுத்திய சமூகம் எங்களுடையது. அந்தப் பழைய எண்ணத்தின் நிழல் இன்றும் முற்றாக விலகவில்லை; வைத்தியராகும் மகளைக் கொண்டாடும் பெற்றோர் மருத்துவமாதாக விரும்பும் மகளைத் தடுப்பதை நாம் காண்கின்றோம். முஸ்லிம் சமூகத்திலும் இதே கவலை உண்டு. பெண்ணைப் பெண்ணே பராமரிக்க வேண்டும் என்று விரும்புகின்ற சமூகம், அந்தப் பராமரிப்பை வழங்கத் தன் புதல்வியரைப் போதியளவு அனுப்பியதா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நயினாதீவிலும் மண்கும்பானிலும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் அருகருகே இடமளித்த தீவகத்தில், ஒரு முஸ்லிம் பெண் தமிழ்த் தாயின் வீட்டுக்கும் ஒரு தமிழ்ப் பெண் முஸ்லிம் தாயின் வீட்டுக்கும் மருத்துவமாதாகச் செல்வது இயல்பாக நடக்கக்கூடியதே.

புலம்பெயர்ந்து வாழும் தீவக மக்கள் கோயில்களுக்கும் பாடசாலைகளுக்கும் தாராளமாக உதவுகின்றனர். யாழ்ப்பாணத்தில் ஒரு தங்குமனையும், பயிற்சி பெறும் மாணவியருக்கு ஒரு புலமைப்பரிசில் நிதியமும் அவர்களது சக்திக்கு அப்பாற்பட்டவையல்ல. ஆனால் அவை அரசாங்கத்தின் கடமைக்கு மாற்றாக அமைந்துவிடக்கூடாது.

ஒரு நூற்றாண்டுக்கு முன் களுத்துறையில் வகுக்கப்பட்ட விதி எளிமையானது: சேவை தாயின் வாசலுக்குச் செல்லவேண்டும். அந்த வாசல் கொழும்பில் இருந்தாலென்ன, நெடுந்தீவில் இருந்தாலென்ன, தோட்டத்து லயன் அறையில் இருந்தாலென்ன, விதி ஒன்றுதான். சரவணையில் அல்லது நெடுந்தீவில் ஒரு கர்ப்பிணிக்கு இரவில் தலை சுற்றி, கண் மங்கும்போது, தன் மொழியில் பதில் சொல்லக்கூடிய ஒருத்தியின் கதவை அவளது வீட்டார் சில நிமிடங்களில் தட்டக்கூடியதாக இருந்தால், இந்நாட்டின் தாய்மார் சமமாக நடத்தப்படுகின்றனர் என்று நாமும் சொல்வோம். அதுவரை தேசியச் சராசரியைப் பெருமையுடன் எடுத்துக்காட்டுவோர், அதனுள் மறைந்து கிடக்கும் தீவுகளையும் தோட்டங்களையும் அகதி முகாம்களையும் நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளனர்.